கடல்கட்டி

இடப்பக்கம் சரிந்து படுத்தால் கேட்கும். இருதயத்தின் நுனி அப்போது விலாவை நெருங்கி வந்து முட்டுகிறது. காது தலையணையில் அழுந்தியிருந்தால் நாடியின் சத்தமும் கூடிக்கொள்ளும். கற்பிட்டிக் குடாநாட்டில் இது எல்லா மாதமும் கேட்பதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் தென்மேல் காற்று கூரைத் தகரத்தையும் தென்னோலையையும் சும்மா விடாது. மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். அந்த மாதங்களில் நெஞ்சென்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஐப்பசியில் காற்று விழும். பின்னேரத்து இடிமழை பெய்து ஓய்ந்து, வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர் மெசின்களும் நின்றுவிட்டால், களப்புப் பக்கம் ஏதாவது கழுதை கத்தினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து நெஞ்சு தன் வேலையைக் காட்டத் தொடங்கும். தட்டும், தட்டும், ஒரு தட்டுத் தவறும், பிறகு பலமாக ஒன்று விழும்.

தவறிய அந்தத் தட்டில் தூக்கம் போய்விடும். கை தானாக மணிக்கட்டுக்குப் போகிறது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணுகிறோம். முதல் தரம் எண்பதுக்குக் கீழே, பரவாயில்லை. சரியாக எண்ணினோமோ என்று இன்னொரு தரம் எண்ணினால் தொண்ணூறு. எண்ணியதால்தான் ஏறியது என்று அந்நேரம் யாருக்கும் தோன்றாது. ஏறியதை நல்லவேளை கண்டுபிடித்தோம் என்றுதான் தோன்றும்.

எனக்கு இது பழைய பழக்கம். எனக்கு மட்டும் உரியதென்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிறகு கேட்டுப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் இப்படி நெஞ்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. பலருக்கு இது ஒரு மையத்து வீட்டுக்குப் போய்வந்த இரவில் தொடங்கியிருக்கிறது. முதல்நாள் அஸர் தொழுகையில் பக்கத்தில் நின்ற மனிதர், அதே வயது, சீனி வருத்தமும் இல்லை, காலையில் போய்விட்டார் என்றால் அன்றிரவு சொந்த நெஞ்சுக்குக் காது கொடுக்காமல் எப்படி இருப்பது? சுஜூதில் நெற்றி பாயில் பட்டதும் காதுக்குள் இரத்தம் இடிப்பதைக் கேட்டுப் பயந்து, கதிரையில் இருந்து தொழத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. ஈ.ஸி.ஜி. எடுப்பார்கள். அந்தக் காகிதத்தில் இருப்பது நம் இருதயத்தின் பத்து விநாடி. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்பார். வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடிக்கும்போது உலகம் அழகாக இருக்கும். அந்த ஒன்றுமில்லைக்கு ஒரு கிழமைதான் உயிர். அடுத்த கிழமை அதே தவறிய தட்டு, அதே மணிக்கட்டு. 'அந்தப் பத்து விநாடியில் அது தவறவில்லை, அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை' என்று மனம் வழக்காடத் தொடங்கும். வழக்கில் நியாயமும் இருக்கிறது. ஒன்றுமில்லை என்பது உண்மைதான், ஆனால் வந்தவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கேட்கிறதே, ஏன் கேட்கிறது என்பது அவருடைய கேள்வி.

அதற்குப் பதில் இருக்கிறது, சிக்கலானதும் இல்லை. இருதயம் தவறவிட்ட மாதிரித் தெரியும் தட்டு உண்மையில் முந்திவிட்ட ஒரு தட்டு. அறை நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுவதால் வெளியே தள்ள அதில் இரத்தம் அதிகம் இல்லை. ஆகவே அது உணர்வில் படாது. அதற்கடுத்து வழமையைவிட நீண்ட ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அறை நன்றாக நிரம்பிக்கொள்ளும். அடுத்து வரும் தட்டு அத்தனையையும் ஒன்றாகத் தள்ளுகிறது. நெஞ்சுக்குள் யாரோ குத்திய மாதிரி நாம் உணர்வது அந்த நிரம்பிய தட்டை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தரம் அடிக்கும் ஒன்று நடுவே சில இடங்களில் இப்படி முந்திக்கொள்வது நல்ல சுகதேகிகளிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது. இதைச் சொல்ல ஒரு டொக்டருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்கப் பல வருடமாயிற்று.

புத்தளத்தில் இந்த நெஞ்சடிப்பு ஒரு கணக்கெடுப்புக்குள்ளும் வந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு, அதிலேயே பிள்ளைகளையும் வளர்த்தார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, செஸ்மல் சிறிவர்தன என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் குடியிருப்புகளில் 450 பேரிடம் மனநலக் கேள்விகளைக் கேட்டார்கள். முடிவு 2013இல் வெளியானது. 18.8 வீதமானவர்களிடம் ஏதோவொரு பொதுவான மனநலக் கோளாறு. அதைப் பிரித்துக் காட்டும் அட்டவணைதான் என்னை நிறுத்தியது. மனவடு என்று நாம் எதிர்பார்த்துப் போவது 2.4 வீதம். பதகளிப்பு 1.3 வீதம். மருத்துவக் காரணம் பிடிபடாத உடல் முறைப்பாடுகள் 14 வீதம்.

இந்த உடல் முறைப்பாடுகளைப் பிடிப்பதற்கு உலகமெங்கும் பயன்படும் ஒரு கேள்விக்கொத்து உண்டு. பதினைந்து கேள்வி. கடந்த நான்கு கிழமைகளில் இது உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தது என்று கேட்கும். முதுகுவலி, தலைச்சுற்று, மூச்சுவாங்கல் என்று போகும் வரிசையில் நெஞ்சு அடித்துக்கொள்வதை உணர்தலும் ஒன்று.

இப்படி ஓர் அட்டவணையைக் கண்டால் படித்தவர்கள் உடனே சொல்லும் விளக்கமொன்று இருக்கிறது. பாமர சனங்களுக்கு மனதைப் பற்றிப் பேசத் தெரியாது, அதனால் உடம்பில் வைத்துச் சொல்கிறார்கள் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே ஆய்வில் யாருக்கு இந்தக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன என்று பார்த்திருக்கிறார்கள்: வேலையில்லாதவர்கள், துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு உறுதியில்லாதவர்கள். அடுத்த வேளைச் சாப்பாடு மனதில் மட்டும் நடக்கும் சங்கதியா?

இருதயமா பயமா, எது முதலில் என்ற கேள்வியில் அறிவியலும் நீண்ட காலம் தடுமாறியது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துச் சிப்பாய்களிடம் ஜேக்கப் மெண்டிஸ் டா கொஸ்டா என்ற வைத்தியர் காரணமில்லாத நெஞ்சடிப்பைக் கண்டு 1871இல் எழுதினார். அவர் அதற்கு எரிச்சலுறும் இருதயம் என்று பெயர் வைத்தார். முதலாம் உலகப்போரில் வேறு பெயர். பிறகு பல்லாண்டு அதை மனவைத்தியர்களிடம் தள்ளிவிட்டார்கள். 1988இல் ஏலர்ஸும் கூட்டாளிகளும் ஒரு குறும்புத்தனமான பரிசோதனை செய்தார்கள். திடீர்ப் பயம் வரும் நோயாளிகளுக்கு, உங்கள் இருதய வேகம் இதோ ஏறுகிறது என்று பொய்யான ஒலியைக் கேட்கவிட்டார்கள். நம்பியவர்களுக்குப் பதற்றம் கூடியது, உண்மையான இருதயமும் பொய்யான இருதயத்தின் பின்னால் ஓடியது. அப்படியானால் எல்லாம் மனதின் வேலைதான் என்று முடித்திருக்கலாம். ஆனால் 2023இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரொத்தின் ஆய்வுக்கூடம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சுண்டெலிகளின் இருதயத்தை வெளியிலிருந்து ஒளியால் முடுக்கும் வழியைக் கண்டு, அதை நிமிடத்துக்கு 900 தரம் அடிக்க வைத்தார்கள். (சுண்டெலிக்குச் சாதாரணமாகவே 600க்கு மேல்.) பாதுகாப்பான கூண்டில் சுண்டெலி அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஆபத்து இருக்கக்கூடிய இடத்தில் விட்டபோதுதான் பயந்து ஒதுங்கியது, தாகமிருந்தும் தண்ணீருக்குப் போகத் தயங்கியது.

எனக்கு இந்தச் சுண்டெலி அந்த அட்டவணையை விளங்கவைத்தது. அடிக்கும் நெஞ்சு தனியே பயத்தை உண்டாக்குவதில்லை. நெஞ்சோடு இடமும் சேரவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் வீடு பறிபோகலாம் என்று ஒரு தரம் பட்டறிந்தவர்களுக்கு எந்த இடம் பாதுகாப்பான கூண்டு? அவர்கள் நெஞ்சைச் சொன்னபோது நெஞ்சைத்தான் சொன்னார்கள்.

சரி, கேட்கும் நெஞ்சை என்ன செய்வது? இதற்கு இந்தக் கடலிலேயே ஒரு பழைய தொழில் இருக்கிறது. நமக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், வள்ளம், கயிறு, குளியாளியைக் கீழே இழுத்துச் செல்லும் கல் எல்லாம் தயாரானாலும் ஓர் ஆள் வராமல் வேலை தொடங்காது. அவர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுகிறவர். ஒருவர் தலைமை வள்ளத்தில் போவார், மற்றவர்கள் கரையில் இருந்து மந்திரம் ஓதுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோவே மீனைக் கட்டும் இந்த ஆட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமார் இவர்களை எத்தர்கள் என்று எழுதிவைத்தார்கள், அதே கையால் அரசாங்கப் பணத்தில் கூலியும் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் ஒரு குளியாளியும் கடலில் இறங்கமாட்டான்.

துரைமாருடைய இந்த இரட்டை வேலையை நான் கேலி செய்யமாட்டேன். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவனுக்கு யாராவது ஒருவர் மேலே காவல் இருக்கிறார் என்ற நினைப்பு வேண்டியிருந்தது. நம் மணிக்கட்டில் இருக்கும் இரண்டு விரலும் அப்படி வந்து சேர்ந்த கடல்கட்டிதான். கொரோனா காலத்தில் வாங்கி இன்னும் மேசை லாச்சியில் இருக்கும், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி ஒரு கடல்கட்டி. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய, நாடி காட்டும் கைக்கடிகாரம் ஒன்று. சட்டைப்பையில் தேவையில்லாமல் சுமக்கும் நாக்கடிக் குளிசை ஒன்று. ஆஸ்பத்திரி இல்லை என்பதற்காகப் பத்தலங்குண்டுத் தீவுக்குப் போகும் கலியாண வீட்டுப் பயணத்தைத் தட்டிக்கழிப்பதும் அதே குடும்பம். ஒன்றும் நடக்காமல் விடியும் ஒவ்வொரு நாளும் காவல்காரனின் பேரில் வரவு வைக்கப்படுகிறது. காவல் இல்லாமலும் விடிந்திருக்கும் என்று அறிய வழியே இல்லாமல் போகிறது. ஒக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் 1986இல் திடீர்ப் பயத்துக்கு எழுதிய விளக்கமும் இந்த வட்டத்தைப் பற்றியதுதான்: உடம்பில் ஒரு சிறு அசைவு, அதற்கு மரணம் என்ற அர்த்தம், அந்த அர்த்தத்தால் இன்னும் பெரிய அசைவு. ஆனால் கடல்கட்டிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முத்துக்குளிப்புச் சில கிழமைகளில் முடியும். அவர் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நம்முடைய ஆளுக்குப் பருவம் முடிவதில்லை.

இன்னொரு சங்கதி. காவல் இருக்கும் இந்த விரலுக்கும் காதுக்கும் திறமை அதிகம் என்று நாம் நம்புகிறோம். 1981இல் ரைனர் ஷாண்ட்ரி என்ற ஜெர்மன் ஆய்வாளர், நாடியைத் தொடாமல் உள்ளுணர்வால் மட்டும் இருதயத் துடிப்பை எண்ணச் சொல்லும் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து எத்தனையோ பேர் எண்ணிவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் பிழையாகவே எண்ணுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் குறைத்து எண்ணுகிறார்கள். இரவெல்லாம் நம்மை எழுப்பிவைக்கும் சாட்சி அவ்வளவு நல்ல சாட்சியில்லை.

கற்பிட்டியில் கடலட்டை பிடிக்கப் போகும் பொடியன்மார் இரவில் டோர்ச்சும் சிலிண்டருமாக இறங்குகிறார்கள். ஆபத்தான தொழில், கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவனிடம், கீழே நெஞ்சு கேட்குமா என்று கேட்டேன். "கேக்கும் நானா. காத்து முடியப்போனா இன்னும் கேக்கும்." பயமாக இல்லையா? "என்னத்துக்கு? கேட்டா மெல்ல மேல வாறதுதானே." அவனுக்கு அது ஒரு மானி. பார்த்தான், செய்ய வேண்டியதைச் செய்தான், அடுத்த அட்டையைத் தேடினான். முகம் நீரில் அமிழும்போது இருதயம் தானாகவே வேகம் தணியும் என்பது அவனுக்குத் தெரியாது. சீலுக்கும் மனிதருக்கும் பொதுவாக அமைந்த ஏற்பாடு அது. தெரியாமலே அதன் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறான்.

நான் செய்து பார்த்ததில் உருப்படியானவை சில. எண்ணுவதை நிறுத்தவேண்டும். இது சொல்வதற்கு லேசு, முதல் சில இரவுகள் சிகரெட்டை விட்டவன் மாதிரிக் கை தவிக்கும். நெஞ்சைக் கேட்காமல் இருக்க முயலக்கூடாது, அது முடியாத காரியம். அதோடு சேர்த்து மற்றதையும் கேட்கலாம்: தூரத்து அலை, பல்லி, குளிர்சாதனப்பெட்டி. பத்துச் சத்தங்களில் ஒன்றாக அது இருக்கும்போது அதற்கு அவ்வளவு மரியாதை இல்லை. பகலில் வேண்டுமென்றே நெஞ்சை அடிக்கவைப்பது இன்னும் நல்லது. மணலில் வேகமாக நடந்து, மூச்சிரைத்து, நெஞ்சு இடிக்க இடிக்க நின்று, அது தன்பாட்டில் தணிவதைப் பார்ப்பது. மனவைத்தியர்களும் இதையே ஒரு சிகிச்சை முறையாகச் செய்விக்கிறார்கள்.

மூச்சு இன்னொரு வழி. உள்ளே இழுக்கும்போது இருதயம் சற்று விரைகிறது, வெளியே விடும்போது தணிகிறது. ஆகவே விடும் மூச்சை நீட்டினால் அது கேட்கும். இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் சகாக்களும் 2001இல் இதை அளந்திருக்கிறார்கள். லத்தீன் மொழியில் செபமாலை சொல்பவர்களுக்கும் திபெத்திய மந்திரம் சொல்பவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து, இருதயத்தின் லயமும் அதோடு இசைந்தது. தலவில சாந்த அன்னம்மாள் கோவிலில் செபமாலை உருட்டும் கிழவிகளையும், ஹல்காவில் இருந்து திக்ரு செய்பவர்களையும் யாரும் இங்கே அளக்கவில்லை. அளந்தால் வேறுமாதிரி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஓதிப்பார்த்தால் சுகம் வருகிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதை விட்டுவிட்டேன். நூல் கட்டுகிறவர் மாதாமாதம் வரச்சொன்னால் மட்டும் எனக்குக் கடல்கட்டி ஞாபகம் வரும்.

இவ்வளவும் ஒரு தரம் ஒழுங்காகப் பரிசோதித்தபின் பேசும் பேச்சு. மயங்கி விழுந்தவர், நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ நெஞ்சுவலி வருகிறவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர் எல்லாரும் வைத்தியரிடம்தான் போகவேண்டும். பெண்கள் இரத்தச் சோகையையும் தைரொயிட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டும் நெஞ்சை உண்மையாகவே ஓடவைக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. எருக்கலம்பிட்டியிலிருந்து 1990இல் வந்தவ. பிரஷர் கிளினிக்குக்குப் போகும் நாளில் என்னைக் கண்டால் நின்று பேசுவா. "வருத்தமெண்டு ஒண்டுமில்லையாம் மகன். ஆனா எனக்கு நெஞ்சு கேக்குதே." ஒரு தரம் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு அவவுக்கு அந்த முந்திய தட்டின் கதையை முழுதாகச் சொன்னேன். முந்துகிறது, தங்குகிறது, நிரம்புகிறது, பலமாகத் தள்ளுகிறது. கையை விரித்தும் பொத்தியும் காட்டினேன். கவனமாகக் கேட்டா.

"அப்ப அது நிண்டு போறதில்லையா?"

"இல்ல மாமி. நிறையிறதுக்குத் தங்குது."

"இத ஏன் மகன் அவங்க சொல்லல்ல?"

கிளினிக்கில் சனம் அப்படி என்று சொன்னேன். இருநூறு பேர் வரிசையில் இருக்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம் எங்கே என்று ஆஸ்பத்திரிக்காகப் பேசினேன். மாமி அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "ஈஸிஜி எடுக்கிறதுக்கு முன்னால நாங்க வாங்கில எத்தின மணித்தியாலம் இருக்கிறம்? அந்நேரம் ஒரு பிள்ளைய விட்டு எல்லாருக்கும் ஒண்டாச் சொல்ல ஏலாதா?" என்றா.

ஏலும். ஒரு தாதி, ஒரு படம், வாங்கில் இருக்கும் நாற்பது பேர்.